கால் தரையில் படாத நாள்

அளவு நாளன்று குழந்தையின் கால் தரையில் படக்கூடாது. சட்டத்தில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஜனங்களாகக் கண்டுபிடித்து, ஜனங்களாகக் கடைப்பிடித்துவந்த வழக்கம் அது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்த முதுகெலும்பு காலையில் கொஞ்சம் நீண்டிருக்கும், எழுந்து நாலு தப்படி நடந்தால் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை அமுங்கி அந்த நீளம் போய்விடும் என்று எவனோ ஒரு புண்ணியவான் சொல்லிவைத்தான். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. அரை சென்டிமீட்டராவது கூடுதலாகக் கிடைக்கும். பிள்ளை வீட்டில் இருக்குமா, மாற்று இல்லத்துக்குப் போகுமா என்பது சென்டிமீட்டரில் முடிவாகிற காலத்தில் அரை என்பது சும்மா இல்லை.

ஆகவே அளவு நாள் விடிகாலையில் திருப்பூருக்கு வந்திறங்குகிற வெளியூர்க்காரன் கொஞ்சம் மிரண்டுதான் போவான். பின் இருக்கையில் பலகை கட்டிய மின்வண்டிகள், பனியன் கம்பெனியில் துணிச் சுருள் தள்ளுகிற தள்ளுவண்டிகள், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்த போர்வைகள் என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் மல்லாந்து கிடப்பார்கள். ஓடத் தெரிந்த, பேசத் தெரிந்த, ஐந்தும் ஏழும் வயதான பிள்ளைகள் கைகால் அசைக்காமல் வானத்தைப் பார்த்தபடி ஊர்வலம் போவதைப் பார்த்தால் ஊரில் ஏதோ பெரிய சாவு விழுந்துவிட்டது என்றே நினைக்கத் தோன்றும்.

நிறைமதியும் அவள் கணவன் தேவராசும் தங்கள் ஒரே மகள் செவந்தியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நிறைமதி வேலை பார்க்கும் கம்பெனியில் கெஞ்சி வாங்கிவந்த வண்டி. செவந்திக்கு ஆறு வயது.

“அம்மா, மூக்கு அரிக்குது.”

“சொறிஞ்சுக்க சாமி. கழுத்த மட்டும் தூக்கிப்போடாத.”

“ஒண்ணுக்கு வருது.”

“அளந்து முடிச்சதும் போலாம் கண்ணு. பல்லக் கடிச்சுக்க.”

தேவராசு பள்ளம் பார்த்து வண்டியை நகர்த்தினான். ஒரு குலுக்கல் கூட மகளின் முதுகை அமுக்கிவிடும் என்று அவனுக்குப் பயம். போன மூன்று அளவு நாளிலும் செவந்தியின் உயரத்தைக் காட்டுகிற வளர்கோடு மேலே ஏறவில்லை. மட்டமாகக் கிடந்தது, தண்ணீர் வற்றிய வாய்க்கால் மாதிரி.

அளவுக்கூடத்தில் வரிசை நகர்ந்தது. முறை வந்ததும் தேவராசு மகளை அப்படியே படுத்தவாக்கில் தூக்கிக்கொண்டு போய் அளவுத் தூணின் அடியில், கடைசி நொடியில், நிமிர்த்தி நிறுத்தினான். தூணிலிருந்து ஒரு தகடு இறங்கி வந்து அவள் உச்சந்தலையைத் தொட்டது. திரையில் அவளுடைய கோடு இன்னும் ஒரு புள்ளி நீண்டது. மட்டமாகவே நீண்டது. பச்சையாக இருந்த நிறம் மஞ்சளானது.

நிறைமதி மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அம்மா, இப்ப ஒண்ணுக்குப் போலாமா?” என்றாள் செவந்தி.

இந்தச் சட்டம் வந்த கதை நிறைமதியின் தலைமுறைக்கு மனப்பாடம். பள்ளிக்கூடத்திலேயே சொல்லித்தருவார்கள். அவள் பிறப்பதற்கு முன்னால், பூட்டிய வீட்டுக்குள் பெற்றவர்களே வதைத்துக் கொன்ற ஒரு குழந்தையின் முகம் நாட்டையே தூங்கவிடாமல் அடித்தது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. வாய் திறந்து சொல்லக் குழந்தைக்குப் பயம். அப்போதுதான் பழைய ஆராய்ச்சி ஒன்றை யாரோ தூசு தட்டி எடுத்தார்கள். வயிறாரச் சோறு போட்டாலும் அன்பு கிடைக்காத பிள்ளை சில சமயம் வளர்வதை நிறுத்திக்கொள்ளும், அதே பிள்ளையைப் பாசமுள்ள வீட்டுக்கு மாற்றினால் மறுபடி வளரும் என்று. குழந்தையின் வாய் பயந்து பொய் சொல்லலாம், எலும்பு பொய் சொல்லாது என்று முடிவானது. பசி ஒழிந்து வீட்டுக்கு வீடு சத்துமாவு வந்துகொண்டிருந்தது. பிறவி நோய்களைக் கருவிலேயே மரபணுச் சோதனை வடிகட்டிவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு பிள்ளை வளரவில்லை என்றால் மிச்சமிருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான். அரசுத் தாளில் அதன் பெயர் குழந்தை வளர்ச்சிக் காப்புச் சட்டம். ஜனங்கள் வைத்த பெயர் அன்புச் சட்டம்.

அது நிறையப் பிள்ளைகளைக் காப்பாற்றியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காப்பாற்றாமல் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தை என்றைக்கோ தூக்கிப் போட்டிருப்பார்கள்.

கோடு மஞ்சளான வீடுகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலர் வருவார். நிறைமதி வீட்டுக்கு வந்தது எஸ்தர். மிரட்டுகிற ஆள் இல்லை. வந்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து செவந்தியோடு சொப்பு வைத்து விளையாடினாள். பிறகு பெற்றவர்கள் இருவரையும் அன்புப் பயிற்சி வகுப்புக்கு வரச்சொன்னாள். வகுப்பில் அவள் விளக்கியதைக் கேட்டால் கல்லும் கரையும்.

“மூளைக்கு அடியில, மூக்குத் தண்டுக்கு நேர் பின்னால, கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்குதுங்க. பிட்யூட்டரி. பிள்ளை நல்லா அசந்து தூங்கறப்பதான் அது வளர்ச்சி ஹார்மோன அலை அலையா விடும். அது ரத்தத்துல ஈரலுக்குப் போகும். ஈரல் இன்னொரு சேதி அனுப்பும். அந்தச் சேதி போயி எலும்பு நுனியில இருக்கற குருத்த எழுப்பிவிடும். சுரப்பிக்கு மேலாள் ஒருத்தர் உண்டுங்க, ஹைபோதலாமஸ்னு பேரு. பிள்ளை பயந்திருக்குது, ஏங்குதுன்னா அந்த மேலாள் கையக் கட்டிக்குவாரு. சுரப்பியும் மூடிக்கும். உங்க பிள்ளை உங்கள நம்பித் தூங்குதான்னுதாங்க நாங்க பாக்கறோம். வேற ஒண்ணுமில்லைங்க.”

நிறைமதி கை தூக்கினாள். “ஏனுங்க, வேற ஏதாச்சும் கோளாறா இருந்தா? தலைய ஒருக்கா படம் புடிச்சுப் பாத்தா என்னங்க?”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. எஸ்தரின் முகம் மாறியது, கோபமில்லை, வருத்தம். “அம்மா, இங்க வர்ற எல்லாரும் முதல்ல கேக்கறது இதத்தான். ரத்தம் பாத்தாச்சு. ஹார்மோன் கம்மியாத்தான் இருக்குது, ஏங்கற பிள்ளைக்கு இருக்கற மாதிரியே. பழியத் தூக்கிப் பிள்ளை உடம்பு மேல போடாதீங்க. அப்படிக் கேட்டதையே மேல குறையா எடுத்துக்குவாங்க. நான் கேக்காத மாதிரி இருந்துக்கறனுங்க.”

நிறைமதி கையை இறக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. தன்னிடம் மட்டும் வேறொரு கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்.

எப்போது? சத்துமாவைத் தட்டோடு கொட்டியதற்காக முதுகில் ஒன்று வைத்தாளே, அன்றைக்கா? வேலை முடிந்து கால் வீங்கி வந்த ஒரு சாயங்காலம், இவள் இல்லாவிட்டால் கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமே என்று மனசுக்குள் ஓர் எண்ணம் ஓடியதே, அதைப் படுத்திருந்த பிள்ளை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டதா? எந்தத் தாய்க்குத்தான் இப்படி நாலு நினைவு இல்லை. ஆனால் எந்தத் தாயும் அந்த நாலையும் எடுத்து வைத்துக்கொண்டு, மகளின் எலும்பு நின்றுபோனது இதனாலா அதனாலா என்று உரசிப் பார்க்கவேண்டிய நிலைமைக்கு வரக்கூடாது.

வீட்டுக்குள் சண்டை வந்தது. வராமல் இருக்குமா?

“நீ அவள எந்நேரமும் வஞ்சுக்கிட்டே இருக்கற புள்ள. அதான்” என்றான் தேவராசு.

“ஆமா, நீங்க மட்டும் மடியில வெச்சுக் கொஞ்சிக்கிட்டு இருந்தீங்களாக்கும். சாயப்பட்டறையிலிருந்து வந்தா கட்டில்ல விழறீங்க. அவ பேர் கூப்பிட்டுப் பேசி எத்தன நாளாச்சு?”

சண்டை முடிந்ததும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு மகளைக் கட்டிக்கொள்வார்கள். அவன் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து யானை விளையாட்டுக் காட்டினான். அவள் சாப்பாட்டை ஊட்டிவிட்டாள், தலையைக் கோதினாள், தூங்கும் மகளைத் தட்டிக்கொடுத்துத் தட்டிக்கொடுத்தே எழுப்பிவிட்டாள். இத்தனை பாசத்தை ஒரே வாரத்தில் தாங்கிய செவந்தி ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்:

“அம்மா, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?”

அடுத்த அளவிலும் கோடு மட்டமாகவே இருந்தது. மஞ்சள், ஆரஞ்சானது. அதற்கு அடுத்த நிறம் சிவப்பு. சிவப்பு வந்தால் வண்டி வரும். மாற்று இல்லத்துக்குப் போன பிள்ளையைப் பெற்றவர்கள் பார்க்கவும் முடியாது. பார்த்தால் பழைய பயம் திரும்பிச் சுரப்பி மூடிக்கொள்ளுமாம்.

கம்பெனியில் நிறைமதிக்குப் பக்கத்து மேசையில் பனியன் பிசிறு வெட்டுகிறவள் ஜமீலா. அவளை விட வயதில் மூத்தவள், வாயாடி, ஆனால் அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வாயடங்கி உட்கார்ந்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நூல் கோன் ஒன்றை நிறைமதியின் பைக்குள் போட்டாள்.

“எம்பையனுக்கு நான் போட்டதுதான். கோனுக்குள்ள இருக்குது. தினமும் சாயங்காலம் ஒண்ணு. தொடையில ஒருநாள், வயித்துல ஒருநாள், இடம் மாத்தி மாத்திப் போடணும். குளிர்ச்சியான இடத்துல வை.”

“அக்கா, புடிச்சுட்டா?”

“தூணு உயரத்தத்தான் பாக்கும். கோடு விழுந்தாத்தான் ரத்தம் எடுப்பாங்க. ஏறற கோட்ட எவன் திரும்பிப் பாக்கறான்?” ஜமீலா தன் சோற்றைப் பிசைந்தாள். “எம்பையன் இன்னைக்கு எங்கூடத்தான் இருக்கான் நிறை. எனக்கு அது போதும்.”

வளர்ச்சி ஹார்மோன் அது. எந்தக் கள்ளச் சந்தையில், யார் காய்ச்சியதோ. தேவராசு வருவதற்கு முன் மகளைக் குளிப்பாட்டிவிட்டு, சத்து ஊசி என்று சொல்லி நிறைமதி அதைக் குத்த ஆரம்பித்தாள். முதல் தடவை ஊசி இறங்கும்போது அவளே கண்ணை மூடிக்கொண்டாள். செவந்தி அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உனக்கு வலிக்குதா?” என்றாள்.

மருந்து வேலை செய்தது. செய்யாமல் என்ன? சுரப்பி அனுப்ப மறந்த சேதியை ஊசி அனுப்பியது. ஈரலுக்கும் எலும்புக்கும் யார் அனுப்பினார்கள் என்ற கவலை கிடையாது. அடுத்த அளவு நாளிலேயே கோடு தலைதூக்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. சீருடைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. திரையில் பச்சை வந்த அன்று தேவராசு கூடத்திலேயே கேவிக் கேவி அழுதான். வழியில் ஜிலேபி வாங்கினான்.

“பாத்தியா புள்ள. நான் அவகூட விளையாட ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான். நம்ம மேல நம்பிக்கை வந்துபோச்சு அவளுக்கு.”

நிறைமதி சிரித்துவைத்தாள். அவனிடம் அவள் சொல்லவில்லை. அந்த மனுஷனின் சந்தோஷத்தைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, சொன்னால் அதன் அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். மகள் வளர்வது ஊசியால். ஊசியை நிறுத்தினால் நின்றுபோவாள். அப்படியானால் இந்த வீட்டில் அன்பு இன்னும் வரவில்லை என்றுதானே கணக்கு? தூண் முதலில் சொன்னதுதானே உண்மை? அவள் மகளை அள்ளி அணைக்கும்போதெல்லாம் தன் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தாள். அங்கே இருப்பது பாசமா, பிள்ளையைப் பறிகொடுக்கிற பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

மகளும் அதற்குத் தகுந்தாற்போலத்தான் நடந்துகொண்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நிறைமதி வாசலில் பக்கவாட்டில் நின்று கையை நீட்டுவாள். செவந்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவாள். கூப்பிட்டால்தான் நிற்பாள். முகத்துக்கு நேரே போய் உட்கார்ந்தால்தான் சிரிப்பாள். தட்டின் ஓரத்தில் வைத்த பொரியலைத் தொடாமல், “பொரியல் வெக்கலியா?” என்பாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள், இரண்டொரு தடவை வாந்தியும் எடுத்தாள்.

பள்ளியில் மருத்துவத் தானியங்கி ஒன்று உண்டு. தலைவலி என்று சொன்னால் அது முதலில் வளர்கோட்டைத்தான் திறந்து பார்க்கும். பச்சையாக ஏறுகிற கோட்டைப் பார்த்ததும், “ஆரோக்கியமான வீடு, ஆரோக்கியமான குழந்தை” என்று குரல் கொடுத்துவிட்டு ஒரு மாத்திரையைத் தள்ளும். நிறைமதிக்கும் வேறு சந்தேகம் தட்டவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தன்மேல் ஒட்டுதல் இல்லை, அதனால்தான் கண்டும் காணாமல் போகிறாள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். எஸ்தர் வகுப்பில் கற்றுக்கொடுத்த கண்ணால்தான் அவள் மகளைப் பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

வருஷக் கடைசியில் அளவுக்கூடத்து வாசலில் வளர்ச்சி விழா. கோடு விழுந்து மறுபடி எழுந்த குடும்பங்களில் ஒன்றை மேடையேற்றிப் பாராட்டுவார்கள். எஸ்தர் வந்து சொன்னபோது அவள் கண்ணில் நீர் தளும்பியது.

“இந்த வருஷம் உங்க பேரத்தானுங்க எழுதியிருக்கறேன். மீண்ட தாய். என் கையில வந்த வீட்டுல உங்க வீடுதான் இப்படி எழுந்தது.”

வேண்டாம் என்ற சொல் நிறைமதிக்கு வாய்வரை வந்தது. என்ன காரணம் சொல்வது? தேவராசு புதுச் சட்டை எடுத்தான். செவந்திக்கு நீளப் பாவாடை.

மேடை ஆள் உயரத்துக்கு இருந்தது. பெற்றவர்கள் கீழே, முன் வரிசையில். குழந்தை முதலில் மேலே போய்க் கோப்பையை வாங்கவேண்டும், பிறகு தாயைக் கூப்பிடுவார்கள். செவந்தி படியேறி மேடையின் முன்விளிம்பருகே போய் நின்றாள். கோப்பையை வைத்திருந்த பெரியவர் அவளுக்கு இடது பக்கம் நின்றார். அவர் கோப்பையை நீட்டினார். அவள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இன்னும் கொஞ்சம் நீட்டினார். கூட்டம் சிரித்தது, குழந்தைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டது.

“இந்தப் பக்கம் கண்ணு, இங்க பாரு” என்றார் அவர்.

குரல் வந்த திசைக்கு அவள் கையை நீட்டினாள். காற்றில் துழாவுகிற கை. தலையை முழுசாகத் திருப்பி, ஒரு குழாய்க்குள்ளிருந்து பார்ப்பவள் போல அவரைத் தேடினாள். நிறைமதி எழுந்துவிட்டாள். கதவு நிலை, பொரியல், வாசலில் நீட்டிய தன் கை, எல்லாம் ஒரே சமயத்தில் அவள் தலைக்குள் வந்து நின்றன. “செவந்தி, அசையாத!” என்று கத்தினாள். அம்மாவின் குரலைக் கேட்டதும் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிக் காலை எடுத்துவைத்தது. அங்கே மேடை இல்லை.

ஆஸ்பத்திரியில் அடிபட்ட தலையைப் படம் எடுத்தார்கள். அன்பு குறைந்த பிள்ளைக்கு எடுக்காத படத்தை, மேடையிலிருந்து விழுந்த பிள்ளைக்குக் கேட்காமலே எடுத்தார்கள். டாக்டர் இளஞ்சேரல் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சின்ன வயசுக்காரர்தான். முகம் வெளிறியிருந்தது.

“விழுந்ததுல பெருசா ஒண்ணுமில்லைங்க. ஆனா இதப் பாருங்க.” திரையில் மண்டையோட்டுக்குள், மூக்குக்குப் பின்னால், எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை உருண்டை. “பிட்யூட்டரி இருக்கற இடம். பக்கத்துல ஒரு கட்டி வளர்ந்து சுரப்பிய நசுக்கிப்போட்டுது. புற்று இல்லைங்க, மெதுவா வளர்றது. ரெண்டு கண்ணுக்கும் போற நரம்பு இதுக்கு நேர் மேலதான் குறுக்கா கடக்கும். அதையும் அழுத்துது. முதல்ல ரெண்டு பக்கத்துப் பார்வையும் போகும். நேரா இருக்கறது மட்டும் தெரியும். இடிச்சுக்குவாளா? தண்ணி நிறையக் குடிப்பாளா?”

தேவராசு தலையாட்டினான்.

“எனக்கு ஒண்ணுதான் புரியலை. இப்படி நசுங்கின சுரப்பியால வளர்ச்சி ஹார்மோன் விடவே முடியாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னயே வளர்ச்சி நின்னிருக்கணும். அதுதான் இதுக்கு முதல் அடையாளம். ஆனா இந்தப் பிள்ளை கோடு ஏறியிருக்குதே?”

நிறைமதி கணவனைப் பார்க்காமல் டாக்டரையே பார்த்தாள். பிறகு நிறைமதி சொன்னாள். நூல் கோனை, ஊசியை, தொடையில் ஒருநாள் வயிற்றில் ஒருநாள் என்று மாற்றியதை எல்லாம் சொன்னாள். ஜமீலாவின் பெயரை மட்டும் சொல்லவில்லை. தேவராசு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப, நான் விளையாடுனது?” என்றான்.

டாக்டர் மெதுவாகப் பேசினார். “அந்த மருந்து கட்டிய உண்டாக்கலைங்க. ஆனா உள்ள ஏதோ சரியில்லைன்னு உடம்பு சொன்ன சேதிய அது மறைச்சுப்போட்டுது.”

நிறைமதி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். “அப்படின்னா டாக்டர், அவ வளராம நின்னது இந்தக் கட்டியாலதானுங்களா? நான் அன்பு வெக்காததால இல்லீங்களா?”

அவர் விழித்தார். “அன்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்கம்மா. யாரு வீட்டுல பொறந்திருந்தாலும் வந்திருக்கும்.”

அப்போது நிறைமதிக்குள் ஒன்று நடந்தது. சொல்லக் கூசுகிற விஷயம்தான், ஆனால் நடந்தது அதுதான். அவளுக்குச் சந்தோஷம் வந்தது. நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல ஒரு சந்தோஷம். அவள் சிரித்தேவிட்டாள். “நான் அப்பவே கேட்டனுங்க” என்றாள் கணவனைப் பார்த்து. “கட்டிங்க! கட்டிதானாமா!” கல்யாணச் சேதி சொல்கிறவள் மாதிரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான், தான் எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. பிடித்த கையை விட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அந்தச் சந்தோஷம் உடனே அடங்க மாட்டேன் என்றது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. கட்டியை எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, இனிமேல் சுரப்பி செய்கிற எல்லா வேலைக்கும் மருந்துதான், அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நரம்பு நசுங்கிக் கிடந்த காலம் அதிகம். மிச்சமிருந்த நேர்ப் பார்வையும் இனி இருக்காது என்றார்கள். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் எஸ்தர் வந்தாள். செவந்தி மயக்கத்திலிருந்து இன்னும் முழுசாக எழவில்லை. தலையில் கட்டு. எஸ்தர் கட்டிலருகே நின்று குழந்தையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

“டாக்டர் எழுதினதப் பாத்து எங்க ஆபீசுக் குழு கூடி முடிவு பண்ணிட்டாங்கம்மா. உங்க மேல குறை ஒண்ணுமில்லை. ஊசி போட்டது தப்புத்தான். ஆனா பிள்ளைய விட மாட்டாம செஞ்சதுன்னு, அதையே உங்க அன்புக்குச் சான்றா எடுத்துக்கிட்டாங்க.” அவள் குரல் உடைந்தது. “நீங்க அன்னைக்கு வகுப்புல கேட்டீங்க. நான் கேக்காத மாதிரி இருந்துக்கறேன்னு சொன்னேன்.”

நிறைமதிக்குத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தோன்றவில்லை. “இனிமேலாவது கோடு விழற பிள்ளைக்கெல்லாம் தலையப் படம் எடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

“கேட்டுப் பாத்தனுங்க. யோசிக்கறாங்க.” எஸ்தர் தயங்கினாள். “அப்படி ஒரு வழி விட்டா, கோடு விழுந்த வீட்டுல பெத்தவங்க அத்தன பேரும் பிள்ளைக்குக் கட்டி இருக்கணும்னு சாமி கும்பிட ஆரம்பிச்சுருவாங்கன்னு பயப்படறாங்க.”

அப்படியெல்லாம் யாரும் கும்பிட மாட்டார்கள் என்று சொல்ல நிறைமதி வாயைத் திறந்தாள். டாக்டர் அறையில் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

எஸ்தர் போன பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகச் சுள்ளென்று வெயில் விழுந்து போர்வை முழுக்கப் பரவியிருந்தது. செவந்தியின் விரல்கள் அசைந்தன. பிறகு கால்கள் இரண்டும் போர்வைக்கடியில் ஒன்று சேர்ந்து, நீட்டி விறைத்துக்கொண்டன. கைகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன. கழுத்தைத் தூக்காமல் அவள் மெல்லக் கேட்டாள்:

“அம்மா, இன்னைக்கு அளவு நாளா?”

நிறைமதி குனிந்து, திறந்திருந்த மகளின் கண்களைப் பார்த்தாள்.

“நான் நேரா படுத்திருக்கேன்மா. அசையவே இல்லை. இன்னும் விடியலியா?”

நிறைமதி தன் மகளின் கையை எடுத்து, கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். எதிர் வெயில் அவள் கண்ணைக் கூசச்செய்தது.

“இல்ல கண்ணு” என்றாள். “இன்னும் நேரமிருக்குது. தூங்கு.”